நெட் வருகிறது, ஆனால் இழுக்கிறது: குமுளிக் கடைக் கணினியில் பார்த்த டிஎன்எஸ் பழுது

ஐப்பசி இடியில் குமுளிப் பக்கம் நெட் பெட்டி எரிவது வருஷா வருஷம் நடப்பதுதான். இந்தத் தடவை எரிந்தது எனக்குப் பழக்கமான ஏலக்காய் வியாபாரி ஒருவர் கடையில். வருவது ஃபைபர் லைன். கண்ணாடி இழையில் மின்னல் ஏறாது, கரண்ட் அடாப்டர் வழியாக ஏறியிருக்கிறது. கேபிள்காரர் புதுப் பெட்டி கொண்டுவந்து மாட்டினார். கடைக்கார அண்ணனுடைய போனில் வாட்ஸ்அப் ஓடியது, மகளுடைய விண்டோஸ் லேப்டாப்பில் எல்லாம் திறந்தது. பில் போடும் கணினியில் மட்டும் ஒன்றும் வரவில்லை. அதில் இருப்பது விண்டோஸ் இல்லை, உபுண்டு 22.04 என்ற லினக்ஸ்.

"லைன் ஓகேயாணு சேட்டா, இது லினக்ஸ் ஆயதுகொண்டாணு" என்று சொல்லிவிட்டுக் கேபிள்காரர் போய்விட்டார். லினக்ஸ் என்பதால்தான் என்று அவர் சொன்னது முழுப் பொய் இல்லை என்பது பிறகு தெரிந்தது.

கம்பத்தில் இருந்து மலை ஏறிப் போய்ச் சேர்ந்தபோது கடை வாசலில் ஜீப் நின்றிருந்தது. போடிக்குப் போக வேண்டிய 8 மி.மீ. காய், மூட்டை கட்டி ஏற்றியாகிவிட்டது. கேரளத்தில் இருந்து தமிழ்நாட்டுக்குள் 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு இறங்கினால் இ-வே பில் வேண்டும். அது இல்லாமல் ஜீப் லோயர் கேம்ப் பக்கம் தலை வைக்க முடியாது. பில் போடும் விவரமெல்லாம் இந்தக் கணினியில்தான். ஆக, பழுது பார்ப்பதற்கு முன்னால் வேலை நடக்க வேண்டும்.

இந்த மாதிரி இடத்தில் நான் முதலில் செய்வது யூஎஸ்பி டெதரிங். போனை ஒயரில் கணினியோடு இணைத்து, போன் செட்டிங்கில் டெதரிங்கை இயக்கினால் உபுண்டு அதை இன்னொரு நெட்வொர்க் கார்டாக எடுத்துக்கொள்ளும். டிரைவர் எதுவும் போட வேண்டாம். ஒரே ஒரு விஷயம்: பழைய லேன் ஒயரைக் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் கணினி செத்த வழியிலேயே பாக்கெட்டை அனுப்பிக்கொண்டிருக்கும், டெதரிங்கும் வேலை செய்யவில்லை என்று நாம் தப்பாக முடிவு கட்டுவோம்.

ஒயரைக் கழற்றினேன், டெதரிங் வந்தது, இ-வே பில் தளம் திறந்தது. ஆனால் இழுத்தது. ஒவ்வொரு புதுத் தளத்துக்கும் ஒரு நிறுத்தம், பிறகு மடமடவென்று எல்லாம் வந்துவிடுகிறது. அண்ணன் போனில் சிக்னல் முழுசாக இருந்தது, அதே போனில் அதே தளம் உடனே திறந்தது. கணினி வழியாகப் போனால்தான் இந்த நிறுத்தம். பில் போட்டு, வண்டி நம்பர் ஏற்றி, ஜீப்பை அனுப்பியாயிற்று. அந்த நிறுத்தத்தை மட்டும் மனசில் குறித்துக்கொண்டேன். கேபிள் லைனே இல்லாமல், வேறு கம்பெனி சிக்னலில் ஓடும்போதும் தடை இருக்கிறது என்றால் கோளாறு கணினிக்குள்ளேயே எங்கோ இருக்கிறது.

இனிமேல் வரும் கட்டளைகளைப் போனில் பசங்களுக்குச் சொல்வது போலவே, வாயால் சொல்லும் விதத்தில் எழுதியிருக்கிறேன்.

லேன் ஒயரைத் திரும்ப மாட்டிவிட்டு முதலில் பார்த்தது பின்பக்க விளக்கு. இடி விழுந்த இடத்தில் நெட் பெட்டியோடு சேர்ந்து கணினியின் லேன் போர்ட்டும் போயிருக்கலாம். அது போயிருந்தால் மீதி எல்லா ஆராய்ச்சியும் வீண். விளக்கு எரிந்தது. கட்டளை அடிக்கும் டெர்மினலில் 'ஐபி லிங்க்' போட்டால் போர்ட் பெயருக்குப் பக்கத்தில் 'நோ கேரியர்' என்று வராமல் 'அப்' என்று வந்தது. சரி, போர்ட் உயிரோடு இருக்கிறது.

அடுத்து 'ஐபி அட்ரஸ்'. அதில் 192.168.1.50 என்று இருந்தது. 'ஐபி ரூட்' போட்டுப் பார்த்தால், கணினி வெளியே போகும் டீஃபால்ட் வழி 192.168.1.1. அண்ணன் மகளுடைய லேப்டாப்பில் பார்த்தால் அங்கே முகவரி 192.168.0 என்று தொடங்குகிறது, வெளியே போகும் வாசலான கேட்வே 192.168.0.1. விஷயம் பாதி இங்கேயே புரிந்துவிட்டது. எரிந்துபோன பெட்டி 192.168.1.1 என்ற முகவரியில் உட்கார்ந்திருந்தது. புதுப் பெட்டி 192.168.0.1-ல் உட்கார்ந்திருக்கிறது. போனும் லேப்டாப்பும் பெட்டியிடமே முகவரி கேட்டு வாங்கிக்கொள்கின்றன. அதற்குப் பெயர்தான் டிஹெச்சிபி. இந்தக் கணினிக்கு மட்டும் யாரோ முகவரியைக் கையால் எழுதி வைத்திருக்கிறார்கள். கூகுளின் 8.8.8.8-க்குப் பிங் போட்டால், அதாவது பதில் வருகிறதா என்று தட்டிப் பார்த்தால், 'டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்' என்ற பதில், அதுவும் 192.168.1.50 என்று தன் சொந்த முகவரியில் இருந்தே வந்தது. பதில் யாரிடம் இருந்து வருகிறது என்று இந்த இடத்தில் பார்க்க வேண்டும். சொந்த முகவரியில் இருந்து வந்தால் பாக்கெட் கடை வாசலையே தாண்டவில்லை என்று அர்த்தம்.

இந்த இடத்தில் ஒரு குறுக்குவழி உண்டு. புதுப் பெட்டியின் செட்டிங் பக்கத்துக்குள் போய் அதன் முகவரியை 192.168.1.1 என்று மாற்றிவிட்டால் கணினியைத் தொடாமலே எல்லாம் பழையபடி ஓடும். அவசரம் என்றால் நானும் அதைத்தான் செய்வேன். ஆனால் அடுத்த ஐப்பசிக்கு அடுத்த பெட்டி வரும், அது எந்த முகவரியோடு வருமோ. அதோடு போனில் ஓடும்போதும் பார்த்த அந்த நிறுத்தத்துக்கு இது மருந்தில்லை.

முகவரியை மாற்ற 'என்எம்டியூஐ' போதும். டெர்மினலுக்குள்ளேயே ஒரு பெட்டியாகத் திறக்கும், அம்புக்குறி விசையும் என்டரும் தெரிந்தால் போதும். வயர்ட் கனெக்‌ஷனைத் திறந்து, ஐபிவி4 என்ற இடத்தில் 'மேனுவல்' என்பதை 'ஆட்டோமேட்டிக்' ஆக்க வேண்டும். பலரும் இதோடு நிறுத்திவிடுவார்கள். கீழே எழுதியிருக்கும் பழைய முகவரி, கேட்வே, டிஎன்எஸ் (தளத்தின் பெயரைக் கேட்டு அதன் எண் முகவரியைச் சொல்லும் சர்வர்) மூன்றையும் அழிக்காமல் விட்டால் ஆட்டோமேட்டிக்கில் வரும் முகவரியோடு பழையதும் ஒட்டிக்கொண்டே இருக்கும். ஒரு போர்ட்டுக்கு இரண்டு முகவரி இருப்பதை லினக்ஸ் தப்பென்று நினைக்காது. மூன்றையும் அழித்துச் சேமித்து, அதே என்எம்டியூஐயில் கனெக்‌ஷனை ஒரு தடவை நிறுத்தி மறுபடி இயக்கினேன். 192.168.0 வரிசையில் புது முகவரி வந்தது. 8.8.8.8-க்குப் பிங் போனது, பதிலும் வந்தது.

பிரவுசரைத் திறந்தால் தளங்கள் வந்தன, அதே நிறுத்தத்தோடு.

"வந்துருச்சுல்ல, போதும் விடு தம்பி. சாப்பிடப் போவோம்."

"இருங்கண்ணே, ஒன்னு பாக்கி இருக்கு."

அந்த ஒன்றுதான் இந்தப் பதிவை எழுத வைத்தது. நிறுத்தம் எவ்வளவு நேரம் என்று அளந்தால் பாதி நோய் தெரிந்துவிடும். அதற்கு 'டைம் கெட்என்ட் ஹோஸ்ட்ஸ்' என்று அடித்து, பிறகு ஏதாவது ஒரு தளத்தின் பெயர் கொடுக்க வேண்டும். கெட்என்ட் என்பது கணினியில் மற்ற நிரல்கள் எந்த வழியில் பெயருக்கு முகவரி தேடுகின்றனவோ அதே வழியில் தேடிக் கொடுக்கும், டைம் அதற்கு ஆன நேரத்தைச் சொல்லும். பதில் வந்தது. நேரம் 5 விநாடியும் கொசுறும். வேறு பெயர், மறுபடியும் 5 விநாடியும் கொசுறும். லைன் மெதுவாக இருந்தால் ஒரு தடவை 3, ஒரு தடவை 7 என்று வரும். ஒவ்வொரு தடவையும் 5 என்று வந்தால் அது மெதுவு இல்லை, காத்திருப்பு. யாரையோ கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் கணக்கு வைத்துக் காத்திருக்கிறது.

லினக்ஸில் பெயருக்கு முகவரி கேட்கும் பழைய வழக்கம் இப்படி. ஈடிசி ஃபோல்டரில் 'ரிசால்வ் டாட் கான்ஃப்' என்று ஒரு ஃபைல் இருக்கும். அதில் 'நேம்சர்வர்' என்று எழுதி ஒரு முகவரி. அப்படி 3 வரிகள் வரை கணக்கில் எடுத்துக்கொள்ளும், நாலாவதை எழுதினாலும் பார்க்காது. முதல் வரியில் இருப்பவரைக் கேட்கும். 5 விநாடி காத்திருக்கும். பதில் இல்லை என்றால் இரண்டாவது ஆளிடம் போகும். அடுத்த பெயருக்கு மறுபடியும் முதல் ஆளிடமே போய் நிற்கும். சற்று முன்தான் அவர் பதில் சொல்லவில்லை என்பது அதற்கு நினைவிருக்காது.

அந்த ஃபைலை 'கேட்' போட்டுப் பார்த்தேன். இரண்டே வரி.

நேம்சர்வர் 192.168.1.1
நேம்சர்வர் 8.8.8.8

முதல் வரியில் இருப்பது எரிந்துபோன பெட்டி. ஒவ்வொரு தளத்துக்கும் கணினி முதலில் அந்தப் பெட்டியிடம் போய்க் கேட்டு, 5 விநாடி நின்று, பிறகு கூகுளின் 8.8.8.8-க்குப் போயிருக்கிறது. போன் டெதரிங்கிலும் அதே கதைதான். பிரவுசர் ஒரு தடவை கிடைத்த முகவரியைக் கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருக்கும், அதனால் திறந்த தளத்துக்குள்ளேயே சுற்றினால் வேகமாகத் தெரியும். இதனால்தான் 'சில நேரம் நல்லா வருது, சில நேரம் இழுக்குது' என்ற புகார் வரும். கேபிள்காரரைத் திட்டுவதற்கு இதைவிட வசதியான அறிகுறி கிடையாது. பாவம், அவர் லைனில் குறையே இல்லை.

சரி, இந்த ஃபைல் ஏன் மாறவில்லை? டிஹெச்சிபியில் புது முகவரி வாங்கியபோதே, நெட் இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜர் டிஎன்எஸ் விவரத்தையும் புதுசாக்கியிருக்க வேண்டும். உபுண்டு 22.04-ல் இது சாதாரண ஃபைலாகவே இருக்கக் கூடாது, வேறொரு ஃபைலைச் சுட்டும் குறியாக இருக்க வேண்டும். 'எல்எஸ் மைனஸ் எல்' போட்டுப் பார்த்தால் வரியின் முதல் எழுத்து 'எல்' என்று இருக்க வேண்டும், கடைசியில் ஓர் அம்புக்குறி ரன் ஃபோல்டருக்குள் சிஸ்டம்டி ரிசால்வ் வைத்திருக்கும் 'ஸ்டப் ரிசால்வ் டாட் கான்ஃப்' என்ற ஃபைலைக் காட்ட வேண்டும். அந்த ஃபைலுக்குள் நேம்சர்வர் 127.0.0.53 என்று ஒரே ஓர் ஆள் இருப்பார். அது வெளியில் இருக்கும் சர்வர் இல்லை, இதே கணினிக்குள் ஓடும் சிஸ்டம்டி ரிசால்வ்டி என்ற சேவை. டிஎன்எஸ்ஸுக்கான போர்ட் எண் 53 என்பதால் முகவரியின் வாலிலும் 53. கணினியில் உள்ள நிரல்கள் இதைக் கேட்கும், இது வெளியே போய்க் கேட்டுவந்து சொல்லும், சொன்னதைக் கொஞ்ச நேரம் நினைவிலும் வைத்துக்கொள்ளும்.

இங்கே அம்புக்குறியைக் காணோம். சாதாரண ஃபைல். சூடோ போட்டு, அதாவது ரூட் என்ற முழு அதிகாரத்தோடு, அழிக்கப் பார்த்தால் 'ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்'. ரூட் கேட்டும் முடியாது என்று லினக்ஸ் சொல்கிற இடங்கள் குறைவு. அப்படிச் சொன்னால் உடனே 'எல்எஸ்அட்டர்' போட்டுப் பார்ப்பது என் வழக்கம். வரிசையாகச் சிறு கோடுகள், நடுவில் ஒரு 'ஐ'. இம்யூட்டபிள், அதாவது ஃபைலுக்குப் பூட்டு. அந்தப் பூட்டு இருக்கும்வரை ரூட்டே வந்தாலும் எழுத முடியாது, அழிக்க முடியாது, பெயர் மாற்ற முடியாது. பூட்டைக் கழற்றிய பிறகுதான் எதுவும். நெட்வொர்க்மேனேஜர் இந்தப் பூட்டைப் பார்த்தால் திரையில் சண்டை போடாது, எச்சரிக்கையும் காட்டாது, ஒதுங்கிப் போய்விடும்.

முன்னால் இந்தக் கணினியைப் பார்த்தவர் ஏன் இப்படிச் செய்தார் என்பதை ஊகிக்கக் கஷ்டமில்லை. பழைய பெட்டியின் டிஎன்எஸ் எப்போதோ ஒரு நாள் மக்கர் பண்ணியிருக்கும். ரிசால்வ் டாட் கான்ஃப் ஃபைலைத் திறந்து கூகுள் முகவரியைச் சேர்த்திருப்பார். கணினியை அணைத்துப் போட்டதும் எழுதியது காணாமல் போயிருக்கும். மறுபடி எழுதியிருப்பார், மறுபடி போயிருக்கும். கடுப்பில் பூட்டைப் போட்டிருப்பார். அன்றைக்கு அது வேலை செய்தது, பெட்டி எரியும்வரை ஒழுங்காகவே ஓடியது. குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான் பார்த்த லினக்ஸ் டிஎன்எஸ் தகராறுகளில் பாதிக்கு மேல் இந்தச் சாதிதான். டிஎன்எஸ் கெட்டுப்போவதில்லை. அந்த ஃபைலை எழுதுவதற்கு நெட்வொர்க்மேனேஜர், ரிசால்வ்டி, விபிஎன் நிரல், நாம் என்று ஒரே நேரத்தில் பல முதலாளிகள் இருப்பதுதான் சிக்கல். எதையும் மாற்றுவதற்கு முன்னால் 'இப்போது இதை எழுதுவது யார்' என்று கண்டுபிடித்துவிட்டால் மீதி வேலை எளிது.

பூட்டைக் கழற்றுவதற்கு முன் அந்த இரண்டு வரிகளையும் வேறு ஃபைலில் நகல் எடுத்துக்கொண்டேன். பிறகு 'சூடோ சிஹெச்அட்டர் மைனஸ் ஐ', அடுத்து ஃபைலின் முழுப் பாதை. இப்போது அழிந்தது. அம்புக்குறி போடுவதற்கு முன்னால் ரிசால்வ்டி ஓடுகிறதா என்று 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ்' கேட்டேன். 'இன்ஆக்டிவ்', பக்கத்திலேயே 'டிசேபிள்ட்'. அதையும் நிறுத்தி வைத்திருக்கிறார். இதைப் பார்க்காமல் அம்புக்குறியை மட்டும் போட்டிருந்தால் ஓடாத 127.0.0.53-ஐக் கேட்டுக்கொண்டு கணினி முழுசாகப் படுத்திருக்கும். 'சிஸ்டம்சிடிஎல் எனேபிள்' என்பதோடு 'நவ்' என்ற விருப்பத்தையும் சேர்த்துப் போட்டால் இப்போதும் ஓடும், அடுத்த தடவை கணினி ஏறும்போதும் ஓடும். பிறகு 'எல்என் மைனஸ் எஸ்' கொண்டு அம்புக்குறி, கடைசியாக நெட்வொர்க்மேனேஜருக்கு ஒரு ரீஸ்டார்ட். ரிசால்வ்டி எழுந்திருக்கிறது என்பது அதற்குத் தெரிய வேண்டும்.

'ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ்' என்று போட்டால் இப்போது நிலவரம் என்ன என்று வரும். மேலே 'குளோபல்' என்ற பகுதியில் ரிசால்வ் டாட் கான்ஃப் மோட் என்று ஒரு வரி இருக்கும். அதில் 'ஸ்டப்' என்று இருந்தால் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. 'ஃபாரின்' என்று இருந்தால் வேறு யாரோ அந்த ஃபைலை எழுதுகிறார்கள். பத்துக் கட்டளை போட்டுக் கண்டுபிடிப்பதை இந்த ஒரு வரி சொல்லிவிடும். ஆனால் பலர் அதைத் தாண்டிக் கீழே போய்விடுவார்கள். எனக்கு ஸ்டப் என்று வந்தது. கீழே லேன் போர்ட்டுக்கான பகுதியில் டிஎன்எஸ் சர்வர் 192.168.0.1. பெட்டி கொடுத்தது, கணினி வாங்கிக்கொண்டது.

மறுபடி டைம் கெட்என்ட். 5 விநாடி போய், விநாடியில் ஒரு துளியாக ஆகிவிட்டது. இரண்டாவது தடவை அதே பெயரைக் கேட்டால் அளக்கும்படியே இல்லை.

அப்புறம் சாப்பிடப் போனோம்.

சாப்பிட்டு வந்தால் இன்னொன்று காத்திருந்தது. மாசக் கணக்கை ஆடிட்டர் அலுவலகத்துச் சர்வரில் ஏற்றுவார்கள். அது ஒரு பெயரில் இருக்கும் சாதாரண இடம். மற்ற எல்லாத் தளமும் பறக்க, அது மட்டும் இணையவில்லை. ஆடிட்டர் அலுவலகத்துக்குப் போன் போட்டால், "அங்கிள், சர்வர் மாத்தி ரொம்ப நாளாச்சே, எல்லாருக்கும் வருதே" என்கிறார் அங்கிருந்த பெண். பழைய சர்வரையும் கொஞ்ச காலம் ஓடவிட்டு, இப்போதுதான் அணைத்திருக்கிறார்கள்.

இந்த இடத்தில் வழக்கமாகச் சொல்வார்கள்: கெட்என்ட் ஒரு முகவரியையும் 'டிக்' என்ற கட்டளை இன்னொரு முகவரியையும் கொடுத்தால், பெயரும் முகவரியும் கணினியிலேயே எழுதி வைக்கும் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் கோளாறு, ஏனென்றால் டிக் நேராக டிஎன்எஸ் சர்வரைக் கேட்கும், ஹோஸ்ட்ஸ் ஃபைலைப் பார்க்காது என்று. ரிசால்வ்டி நடுவில் இருக்கும் கணினியில் இது பாதிதான் உண்மை. டிக் கேட்பது 127.0.0.53-ஐ, அதாவது ரிசால்வ்டியை. ரிசால்வ்டியோ ஹோஸ்ட்ஸ் ஃபைலையும் படித்து அதில் இருப்பதையே பதிலாகக் கொடுக்கும். அதனால் இரண்டும் ஒரே தப்பைச் சொல்லும், நாம் டிஎன்எஸ்ஸே தப்பு என்று நம்பிவிடுவோம். அன்றைக்கும் இரண்டும் ஒரே முகவரியைத்தான் காட்டின. டிக்குக்குப் பின்னால் அட் குறி போட்டு 8.8.8.8 என்று ஆளைக் குறிப்பிட்டுக் கேட்டபோதுதான் வேறு முகவரி வந்தது. இந்த வித்தியாசம் தெரியாமல் பொழுதை விட்டவர்களை எனக்குத் தெரியும்.

ஈடிசி ஃபோல்டரில் ஹோஸ்ட்ஸ் ஃபைலைத் திறந்தால் கடைசி வரியில் ஆடிட்டர் சர்வர் பெயரும் பழைய முகவரியும். வரியின் முன்னால் ஹாஷ் குறி போட்டு மூடினேன், உடனே இணைந்தது. அடியோடு அழிக்கவில்லை. ஏன் எழுதினார்கள் என்று ஒரு நாள் யாராவது கேட்டால் ஆதாரம் இருக்கட்டும்.

இந்த ஹோஸ்ட்ஸ் ஃபைல் ஒரு பழைய காலத்து மிச்சம். டிஎன்எஸ் வருவதற்கு முன், இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டில் எல்லாக் கணினிகளின் பெயரும் முகவரியும் ஒரே ஃபைலில் இருந்தன. கலிஃபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிறுவனத்தில் அதைப் பராமரித்தார்கள், மற்றவர்கள் அங்கிருந்து நகல் இறக்கிக்கொண்டார்கள். கணினிகள் பெருகப் பெருக அது தாங்கவில்லை. 1983-ல் பால் மோக்காபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைத்தார். இன்றைக்கும் அடிப்படையாக இருக்கும் அதன் ஆவணங்கள் 1987-ல் வந்தன. ஆனாலும் ஒவ்வொரு கணினியிலும் அந்தப் பழைய ஃபைலின் சின்ன வடிவம் இருந்துகொண்டே இருக்கிறது. உபுண்டுவில் முதல் கேள்வி அதனிடம்தான் போகும். ஈடிசி ஃபோல்டரிலேயே 'என்எஸ்ஸ்விட்ச் டாட் கான்ஃப்' ஃபைலைத் திறந்து 'ஹோஸ்ட்ஸ்' என்ற வரியைப் பார்த்தால் 'ஃபைல்ஸ்' முன்னாலும் 'டிஎன்எஸ்' பின்னாலும் எழுதியிருக்கும். நடுவில் எம்டிஎன்எஸ் என்று ஒன்று இருக்கும், அது 'டாட் லோக்கல்' என்று முடியும் பெயர்களுக்கு. இவ்வளவுக்கும் வெளியே பிரவுசருக்கு வேறு தனி வழி உண்டு. ஃபயர்பாக்ஸில் ஹெச்டிடிபிஎஸ் வழி டிஎன்எஸ்ஸை இயக்கியிருந்தால் கணினியைக் கேட்காமல் தானே வெளியே போய்க் கேட்டுக்கொள்ளும். பிரவுசரில் வருகிறது, மற்ற நிரல்களில் வரவில்லை என்றால் அங்கே போய்ப் பார்க்க வேண்டும்.

டிஎன்எஸ் சர்வராக எதை வைப்பது என்று அண்ணன் கேட்டார். கூகுள் 8.8.8.8, கிளவுட்ஃப்ளேர் 1.1.1.1 என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். பெட்டி கொடுப்பதே ஒழுங்காகப் பதில் சொல்லும்வரை அதையே விட்டுவிடுவது என் கட்சி. அது மக்கர் பண்ணினால் என்எம்டியூஐயில் அதே வயர்ட் கனெக்‌ஷனுக்குள் டிஎன்எஸ் இடத்தில் வேண்டியதை எழுதி, 'இக்னோர்' என்று தொடங்கும் டிஎன்எஸ் கட்டத்தில் பெட்டி தருவதை ஒதுக்கச் சொல்லலாம். எழுத வேண்டியது அங்கே. ரிசால்வ் டாட் கான்ஃப் ஃபைலுக்குள் இல்லை.

கைமுகவரியை எடுத்துவிட்டதால் இன்னொரு வேலை வந்தது. கடைக்குப் பின்னால் குடோனில் ஒரு கணினி, அதுவும் உபுண்டு. எடை போட்ட கணக்கை இந்தக் கணினியின் ஃபோல்டரில்தான் அது எழுதும், 192.168.1.50 என்ற முகவரியைப் பிடித்துக்கொண்டு. கையால் முகவரி எழுதியதற்கு மூலக் காரணமே இதுதான். முகவரி நிலையாக இருக்க வேண்டும், ஆனால் அதைக் கணினியில் எழுதக் கூடாது. பெட்டியின் செட்டிங் பக்கத்தில் டிஹெச்சிபி ரிசர்வேஷன் என்று ஓர் இடம் உண்டு. கணினியின் லேன் போர்ட்டுக்கே உரிய மேக் முகவரியை அங்கே எழுதி 192.168.0.50 இவனுக்கு மட்டும் என்று சொல்லிவிட்டால் போதும். கணினி எப்போதும் போலக் கேட்டு வாங்கிக்கொள்ளும், எப்போதும் அதே முகவரி வரும். டாட் லோக்கல் பெயர் வைத்தே பிடிக்கலாமே என்றால் பிடிக்கலாம், ஆனால் நடுவில் வைஃபை ரிப்பீட்டர் வந்தால் சில நேரம் அது கண்ணாமூச்சி ஆடும். நான் ரிசர்வேஷனையே வைத்தேன். பெட்டி மாறினால் இதை மறுபடி எழுத வேண்டும், ஒரே இடத்தில்.

கடைசியாக, ஓடுகிறது என்பதோடு நிறுத்தாமல் மெயின் சுவிட்சையே அணைத்துப் போட்டோம். குமுளியில் கரண்ட் போய் வருவதற்குக் கணக்கில்லை. கரண்ட் வந்ததும் கணினி முதலில் எழுந்துவிடும், நெட் பெட்டி நிதானமாக எழும். நெட்வொர்க்மேனேஜர் முகவரி கேட்டு 45 விநாடி காத்திருக்கும், கிடைக்காவிட்டால் மறுபடி கேட்கும். இப்படி 4 தடவை பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஓய்ந்துவிடும். பெட்டி அதற்குப் பிறகு தயாரானால் 'நெட் வரல' என்று எனக்குப் போன் வரும். 'என்எம்சிஎல்ஐ' கொண்டு அந்தக் கனெக்‌ஷனின் ஆட்டோகனெக்ட் ரீட்ரைஸ் மதிப்பை 0 ஆக்கினேன். 0 என்றால் கிடைக்கும்வரை கேட்டுக்கொண்டே இரு என்று அர்த்தம். கரண்டைப் போட்டோம், கணினி எழுந்தது, பெட்டி எழுந்தது, கெட்என்ட் உடனே பதில் சொன்னது. ரிசால்வ் டாட் கான்ஃப் அம்புக்குறியோடு இருந்தது. பெட்டிக்கும் கணினிக்கும் இடி தாங்கும் சர்ஜ் புரொடெக்டர் ஒன்று வாங்கச் சொன்னேன், எர்த்தைப் பார்க்க எலக்ட்ரீசியனையும் கூப்பிடச் சொன்னேன். இரண்டாவது நடக்கும் என்று தோன்றவில்லை.

குடோன் கணினியை அன்றைக்குத் தொட முடியவில்லை, சாவி வைத்திருந்த பையன் தோட்டத்துக்குப் போய்விட்டான். மறுநாள் போனிலேயே பார்த்தோம்.

"எல்எஸ்அட்டர் போட்டுட்டேண்ணே. நெறைய கோடா வருது."

"கோட்டுக்கு நடுவுல எழுத்து எதுவும் இருக்கா?"

"ஒரு ஐ இருக்கு. அப்புறம் கடைசிப் பக்கம் ஒரு ஈ."

ஈ பற்றிக் கவலையில்லை, அது ஃபைல் டிஸ்கில் எப்படிச் சேமிக்கப்பட்டிருக்கிறது என்பதற்கான குறி, எல்லா ஃபைலுக்கும் வரும். ஐ இருந்தது. அதே ஆள், அதே பூட்டு. பையனை வரிசையாகச் சொல்லவைத்து அதே வழியில் கழற்றினோம், எடைக் கணக்கு ஃபோல்டரின் முகவரியை 192.168.0.50 என்று மாற்றினோம். அவனாகவே ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ் போட்டு "ஸ்டப்னு வந்துருச்சுண்ணே" என்றான்.